மங்கையின் மூக்கு

மணி பத்தே கால் ஆச்சு. பதினொண்ணே முக்காலுக்குள்ள எழுதி அனுப்பியாகணும். டப்பாவைத் திறந்துட்டேன், மூக்குக்கிட்ட வச்சுட்டேன், நெஞ்சு முட்ட இழுத்தும் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை இழுக்கிறேன். காத்து உள்ள போகுது, சில்லுன்னு போகுது, தொண்டை வரைக்கும் போறது தெரியுது, அதோட சரி. வெள்ளை டப்பா, வெள்ளை மூடி, வெள்ளை கிரீம், சுத்தி ஒரு எழுத்து கிடையாது, அடியில மட்டும் மார்க்கர் பேனாவுல நாலுன்னு ஒரு நம்பர். பாவிக, ஒரு பூப்படமாச்சும் போட்டிருக்கக் கூடாதா? ஒரு ரோஜா, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு கத்தாழை, ஏதாச்சும் ஒண்ணு இருந்தா மிச்சத்தை நான் பாத்துக்குவேனே. எட்டு மாசமா அப்படித்தானே பாத்துக்கிட்டு வர்றேன். எட்டு மாசமா எனக்கு வாசனை தெரியல. இதை இப்படி முழுசா ஒரு வரியா மனசுக்குள்ளகூட நான் சொல்லிப் பாத்ததில்ல. வாசனை தெரியல, நாத்தமும் தெரியல, காய்ச்சல் வந்து போனப்ப போனது இன்னும் வரல.  அழகு சாமானுக்கு விமர்சனம் எழுதறதுதான் என் பொழப்பு, ஒரு வெப்சைட்டுல வாரம் ரெண்டு, கிரீம், பவுடர், சோப்பு, தலைக்குத் தேய்க்கிறது, உதட்டுக்குப் பூசறது எல்லாம். அந்தப் பத்திக்கு அவங்க வச்ச பேரு 'மங்கையின் மூக்கு'. என் போட்டோவையே மூக்கு தெரியற மாதிரி பக்கவாட்டுல எடுத்துத்தான் போட்டிருக்காங்க. நல்லா மாட்டினடி மங்கையர்க்கரசி.

லேபிள் இருந்தா ஒரு பயமும் இல்ல. உள்ள என்னென்ன சேர்த்திருக்குன்னு பொடி எழுத்துல போட்டிருப்பான், சந்தனம்னு இருந்தா சந்தனத்தைப் பத்தி எனக்குத் தெரியாததா, முப்பத்தாறு வருஷம் மோந்து பாத்தவ. நினைப்புல இருக்கிறதை எடுத்து எழுதிருவேன், பழைய புடவையை எடுத்து இஸ்திரி போடுற மாதிரி. அதுவும் பத்தலைன்னா தாரிணி இருக்கா, ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற என் புள்ள, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியில உக்கார வச்சு, பாப்பா இது என்ன வாசம் சொல்லு, கரெக்டா சொன்னா மிட்டாய்னு கேப்பேன். அவளும் கண்ணை மூடிக்கிட்டு, அம்மா இது டிவிக்குப் பின்னாடி இருக்கிற வாசம்னு ஏதாவது சொல்லுவா. அதைக் கொஞ்சம் மாத்தி எழுதினா ஜனம் கொண்டாடும். இது நேத்தே வந்திருக்க வேண்டிய டப்பா. நேத்து வந்திருந்தா புள்ள மோந்திருக்கும். கொரியர்காரன் இன்னைக்குப் பத்து மணிக்குக் கொண்டாந்து குடுத்துட்டு, சாரி மேடம், நேத்து கேட் பூட்டியிருந்துச்சுன்னு சொல்றான். எங்கடா பூட்டியிருந்துச்சு, நான் வீட்டை விட்டு எங்க போனேன்? இப்ப அவனைத் திட்டி என்ன ஆகப்போகுது. ஒரு புதுக் கம்பெனி எங்க வெப்சைட்டுல எழுதற அஞ்சு பேருக்குக் குடுத்திருக்காங்களாம், அஞ்சு டப்பாவுலயும் ஒரே கிரீம், பேரைப் பாக்காம உள்ளதை மட்டும் பாத்து எழுதணுமாம், பன்னெண்டு மணிக்கு அந்தப் புதுக் கம்பெனி இதுல என்ன இருக்குன்னு வெளியிடுமாம். மத்த நாலு பேரும் தடவிப் பாத்து எழுதறவங்க. வாசனையைச் சொல்றதுக்கு நான் ஒருத்திதான். அக்கா இது உங்களுக்குன்னே வச்ச பரீட்சை மாதிரி, அடிச்சுத் தூக்குங்கன்னு ஷெரின் சொன்னா. ஷெரின்தான் சென்னையில இருந்துக்கிட்டு என் எழுத்தைப் பாத்துத் திருத்திப் போடுற பொண்ணு, என்னைவிட ஒம்பது வயசு சின்னவ. தூக்குறேன்மா, நல்லா தூக்குறேன்.

சரி, எழுது. கை சும்மா இருந்தா நெஞ்சுதான் அடிச்சுக்குது. விரல்ல எடுத்துத் தடவிப் பாரு முதல்ல. தடவுறேன். கையில பட்டதும் உருகுது, பிசுபிசுப்பு இல்ல, ரெண்டு நிமிஷத்துல தோலு இழுத்துக்கிருச்சு, மேல மாவு மாதிரி படியல. நல்ல சரக்குதான். "பூசியதும் சருமத்தோடு ஒன்றிவிடுகிறது." அழிச்சுட்டேன். போன மாசமும் ஒன்றிவிட்டது, அதுக்கு முந்தின மாசமும் ஒன்றிவிட்டது, ஊர்ல உள்ள அத்தனை கிரீமும் ஒன்றிக்கிட்டே இருக்கு. "பட்டுப் போன்ற மென்மை." த்தூ. பட்டை எவ முகத்துல கட்டிக்கிட்டுத் திரியிறா? "முதல் நாளே ஒரு பளபளப்பை உணர்ந்தேன்." எங்க உணர்ந்த, பத்து மணிக்கு வந்த டப்பாடி இது. இந்த மாதிரி எழுதினா ஷெரின் திருப்பி அனுப்பிருவா, ஓரத்துல ஒரு குறிப்பு போட்டு, அக்கா எங்கேஜிங்கா இல்ல, படிக்கிறவங்களைப் புடிச்சு இழுக்கல, உங்க டச் மிஸ்ஸிங்னு. என் டச்சுன்னு அவ சொல்றது மூக்கைத்தான். டவுன்ஹால் ரோட்டுல ஒரு பெரிய கடையில அழகு சாமான் கவுண்ட்டர்ல நின்னப்ப, வர்ற பொம்பளை தலையை ஆட்டுனா போதும், எந்த ஷாம்புன்னு சொல்லிருவேன், கூட நிக்கிற புள்ளைக கைதட்டும். அப்ப ஒரு நாள் இந்த வெப்சைட்டுல ஒரு சோப்பைப் பத்தி எவரோ எழுதினதுக்குக் கீழ, இந்த சோப்பு ஸ்கூல் திறக்கிற அன்னைக்குப் புது பென்சிலைச் சீவுன மாதிரி மணக்குதுன்னு போட்டேன், சும்மா விளையாட்டுக்கு. ரெண்டாயிரம் பேரு ஆமா ஆமான்னு லைக் போட்டுட்டாங்க. அடுத்த வாரம் ஷெரின் நம்பர் தேடிப் புடிச்சுக் கூப்பிட்டுட்டா. அந்த ஒத்தை வரியில வந்த வாழ்வு இது. புது பென்சில் எப்படி மணக்கும்னு இப்ப எனக்கு நினைப்பு மட்டும்தான் இருக்கு, அதுவும் தேயுது, போன மாசம் கண்ணை மூடி நினைச்சா மரம் வந்துச்சு, ஈயம் வந்துச்சு, இந்த மாசம் பென்சிலோட கலருதான் வருது.

பத்தே முக்கால். போகட்டும், மூக்கை விடு, கிரீமைப் பாரு. கிரீமைப் பாத்தா மறுபடி மூக்குலதான் வந்து நிக்கிறேன். டாக்டர் என்ன சொன்னாரு, பெரும்பாலும் மூணு மாசத்துல வந்துரும்மா, சில பேருக்கு ஆறு மாசம்னாரு. அதுக்கு மேல ஆனா சார்னு கேட்டேன். மருந்துச் சீட்டைப் பாத்துக்கிட்டே, பாப்போம்னு சொன்னாரு. அந்தப் பாப்போம்ல ரெண்டு மாசம் ஓடிப்போச்சு. யாருக்கிட்டயும் சொல்லாம தனியாப் போய்த் தனியா வந்தேன். வீட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கலாம்தான், சோலைராஜ் ஒண்ணும் கோவக்காரர் இல்ல, தங்கமான மனுசன். ஆனா அவர் ஆபீஸ்ல எல்லார்கிட்டயும், எம் பொண்டாட்டி கண்ணைக் கட்டிவிட்டா மதுரையையே மோந்து சொல்லுவான்னு பீத்திக்கிட்டுத் திரியிறாரு. போன் மாத்துனா முதல்ல என் பத்தியைத்தான் எடுத்து வச்சுக்குவாரு. அவர்கிட்ட எப்படிச் சொல்றது? இன்னைக்கு நாளைக்கு வந்துரும், வந்தப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பத்தான் அந்தப் பால் விஷயம் நடந்துச்சு. கெட்டுப்போன பாலு, கட்டி கட்டியா இல்ல, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ஆத்திப் புள்ளைக்குக் குடுத்தேன். வேணாம்மா நாறுதுன்னு சொன்னா. பொய் சொல்லாதடி, பால் குடிக்காம இருக்க நடிக்கிறியான்னு தொடையில ஒண்ணு வச்சுக் குடிக்க வச்சேன். சாயங்காலம் வரைக்கும் வாந்தி எடுத்துச்சு புள்ள. அவர் டம்ளரை மோந்து பாத்துட்டு, என்னடி மங்கை, உன் மூக்குக்கே தெரியலையான்னு கேட்டாரு. சளின்னு சொன்னேன். என் கை, என் கையாலதான் அடிச்சேன், அது சொன்னது சத்தியம், நாறுதுன்னு சொன்னது சத்தியம். நினைச்சா இப்பவும் கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல. அது தூங்கும்போது உச்சந்தலையில மூக்கை வச்சுப் படுத்துக் கிடப்பேன் ராத்திரியில, எண்ணெயும் வேர்வையுமா ஒரு மணம் வருமே அந்தத் தலையில, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை திருப்பிக் குடு மீனாட்சின்னு கேட்டுக்கிட்டே படுத்துக் கிடப்பேன். வராது.

போன் அடிக்குது. ஷெரின்தான். அக்கா எங்க இருக்கீங்க, மத்த நாலு பேரும் அனுப்பிட்டாங்க, நீங்கதான் பாக்கின்னு சொல்றா. பக்கத்துல வந்துட்டேம்மா, கடைசி வரிதான்னு சொல்றேன், முதல் வரியே எழுதாதவ. எப்படி இருக்கு, என்ன வாசனைன்னு கேக்கறா. கேட்டுட்டாளே.  இப்பவே சொல்லிட்டா எப்படிம்மா, படிச்சுத் தெரிஞ்சுக்கோன்னு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அக்கா நல்லா நறுக்குன்னு எழுதுங்க, இந்த மாசம் படிக்கிறவங்க ரொம்பக் குறைஞ்சிருக்காங்க, உங்க பத்தி தான் தூக்கி நிறுத்தணும்னு சொல்லிட்டு வச்சுட்டா. தூக்குறது, நிறுத்துறது, எல்லாம் நானேதான். வாசனை இல்லாமலே எழுதிட்டா என்ன? வாசனையைப் பத்தி ஒரு வார்த்தையும் சொல்லாம விட்டுட்டா? ஏன் மேடம் மூக்குக்கு லீவான்னு கீழ வந்து கேப்பாங்க, அதைப் படிச்சு ஷெரின் யோசிப்பா, யோசிச்சா பழசையெல்லாம் எடுத்துப் பாப்பா. போன மாசம் ஒரு ரோஜா கிரீமை மழையில நனைஞ்ச ரோஜான்னு எழுதியிருந்தேன், கீழ ஒருத்தி, எனக்கு இது பினாயில் மாதிரி இருக்குன்னு போட்டிருந்தா, நான் அதைப் படிச்சுட்டு ரெண்டு நாளு சாப்பிடல. அவ சொன்னதுதான் நிஜமா இருக்கும். அதை வாங்கிப் பூசின பொம்பளைக எத்தனை பேரோ, வாங்கிட்டமேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பூசியிருப்பாங்க.

எதிர்வீட்டு ஜெயக்கொடி அக்கா இருக்குல்ல. ஏன் இது தோணலை எனக்கு. டப்பாவை எடுத்துக்கிட்டு ஓடுறேன், செருப்புகூடப் போடல. அக்கா பட்டாணி உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. அக்கா, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்கன்னு நீட்டுறேன். ஆத்தி, எழுத்தாளரம்மா எங்கிட்டயா கேக்குறன்னு கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு வாங்குது. என்ன வாசம் தெரியுதுன்னு எனக்குச் சொல்லுங்கன்னு கேக்க வாய் வரைக்கும் வருது, வெளிய வரமாட்டேங்குது, மூக்குக்குப் பேர் போனவ இன்னொருத்தரோட மூக்கை எப்படிக் கடன் கேப்பா. எப்படி இருக்குன்னு ஒரு வாசகரா சொல்லுங்கக்கான்னு மாத்திக் கேட்டேன். அது மூக்குக்கிட்ட வச்சுச்சு, புருவத்தைத் தூக்குச்சு, என் முகத்தைப் பாத்துச்சு, மறுபடி மோந்துச்சு. ஆங், சூப்பரா இருக்கு மங்கைன்னுச்சு. சூப்பருன்னா எப்படிக்கா? லேசா, ரொம்ப லேசா, தூக்கலா இல்லாம, எனக்கு அதைச் சொல்லத் தெரியல, உனக்குத் தெரியாததா, நீதான் புட்டுப் புட்டு வைப்பியேன்னு சொல்லி டப்பாவைத் திருப்பிக் குடுத்துருச்சு. பூ வாசமா, பழ வாசமாக்கா, ஒண்ணு சொல்லுங்கன்னு கெஞ்சினேன். ஏதோ நல்ல வாசம்டி, போ, போய் எழுதுன்னு சிரிக்குது. லேசா. ரொம்ப லேசா. சரி, அப்ப இருக்கு. இருக்குன்னு தெரிஞ்சாச்சு.

பதினொண்ணு பத்து. ஜன்னலைச் சாத்துறேன், ஃபேனை நிறுத்துறேன். லேசா இருக்கிறதைப் புடிக்கணும்னா காத்து அசையக் கூடாது. புறங்கையில தடவி, தேய்ச்சு, சூடாக்கி, மூக்குல ஒட்ட வச்சு, கண்ணை மூடி இழுக்கிறேன். ஒண்ணுமில்ல. இழுக்கிறேன். ஒண்ணுமில்ல. வந்துரு, வந்துரு தாயே, இந்த ஒரு தடவை வந்துரு, புள்ளையை அடிச்ச பாவத்துக்கு வேற எதையாச்சும் எடுத்துக்க. இழுக்கிறேன், தலை கிர்ருங்குது, வேர்வை கண்ணுல இறங்குது, இழுக்கிறேன், அப்ப ஒரு ஓரத்துல, ரொம்ப உள்ள, மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவுல எங்கயோ ஒரு இடத்துல, என்னமோ. அசையாத. இன்னொரு தடவை மெதுவா. ஆமா. ஆமாடி. குளிச்சுத் துவட்டின புள்ளையோட கழுத்து மடிப்பு. பவுடரு, அதுக்கு அடியில கொஞ்சம் பாலு, அதுக்கும் அடியில வெயில்ல காஞ்ச துண்டு. தாரிணி ஆறு மாசக் குழந்தையா இருந்தப்ப மூக்கை வச்சு உரசுவேன், கெக்கேன்னு சிரிக்கும், அந்த மடிப்பு. வந்துருச்சு. என் மூக்கு வந்துருச்சு. சத்தம் போட்டு அழுகுறேன், வாயைப் பொத்திக்கிட்டு அழுகுறேன், மூக்கு அடைச்சுரும் அழுகாதடின்னு சொல்லிக்கிட்டே அழுகுறேன். எழுதினேன். எட்டு மாசத்துல முதல் தடவையா ஒரு நினைப்பையும் திருடாம, ஒரு லேபிளையும் பாக்காம, எனக்கு வந்ததை வந்தபடி எழுதினேன். இந்த டப்பாவைத் திறந்ததும் உங்கள் குழந்தை உங்களிடம் திரும்பி வரும்னு ஆரம்பிச்சேன், விரல் நிக்கவே இல்ல, பால் விஷயத்தைக்கூட எழுதப் போய்க் கடைசியில எடுத்துட்டேன். பதினொண்ணு நாப்பத்தி ரெண்டுக்கு அனுப்பிட்டேன். பொய்யே இல்லாத எழுத்து. 

சோலைராஜைக் கூப்பிட்டேன். என்னங்க, வந்துருச்சுங்கன்னேன். என்ன வந்துருச்சு, கேஸ் சிலிண்டரான்னு கேக்குறாரு. அப்பத்தான் உறைக்குது, போனதே தெரியாத மனுசன்கிட்ட வந்துருச்சுன்னு எப்படிச் சொல்றது. சிரிப்பு சிரிப்பா வருது. ஒண்ணுமில்லங்க, சாயங்காலம் வரும்போது நாலு முழம் மல்லியப்பூ வாங்கிட்டு வாங்க, நல்லா மொட்டா பாத்துன்னேன். என்ன விசேஷம்னாரு. வாங்கிட்டு வாங்க சொல்றேன்னேன். ராத்திரி சொல்லிரணும், எல்லாத்தையும், பாலைப் பத்தியும். புள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கணும், அது மறந்துகூடப் போயிருக்கும், இருந்தாலும் கேக்கணும். அடுப்படிக்குப் போனேன். காப்பித்தூள் டப்பாவை எடுத்தேன், மூடியில கை வச்சேன், வேணாம்னு வச்சுட்டேன். எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்கக் கூடாது, இப்பத்தானே எந்திரிச்சு உக்காந்திருக்கு, மெல்ல மெல்ல வரட்டும். ஷெரின் மெசேஜ் அனுப்பியிருக்கா, அக்கா படிச்சு அழுதுட்டேன், அப்படியே போட்டுட்டேன், ஒரு எழுத்து மாத்தலன்னு. அப்படியே உக்காந்துட்டேன் தரையில. இவ்வளவு லேசா இருந்து எவ்வளவு நாளாச்சு.

பன்னெண்டு அஞ்சுக்கு அவளே கூப்பிட்டா. அக்கான்னு சொல்லிட்டு நிறுத்துறா. சொல்லும்மான்னேன். கம்பெனி வெளியிட்டுட்டாங்கக்கா. என்னவாம், பால் சம்பந்தமா ஏதாச்சும் இருக்கான்னு ஆசையாக் கேட்டேன். இல்லக்கா, அவங்க விளம்பரமே அதுதானாம், இதுல வாசனைன்னு எதையுமே சேர்க்கலையாம், அலர்ஜி உள்ளவங்களுக்காகச் செஞ்சதாம், மூலப்பொருள்ல இருக்கிற மணத்தைக்கூட எடுத்துட்டாங்களாம், மத்த நாலு பேரும் வாசனை இல்லன்னு ஒரே வரியில எழுதியிருக்காங்க. மூச்சு விடாமச் சொல்லிட்டா. இல்லம்மா, நீ சரியாப் பாருன்னேன். பாத்துட்டேன்க்கா. என் டப்பா மாறிப் போயிருக்கும்மா, எனக்கு நாலாம் நம்பர், நாலாம் நம்பர்ல வேற இருக்கும்னேன். எல்லாம் ஒண்ணுதான்க்கா. கையை மூக்குல வச்சு இழுத்தேன். தேய்ச்சுத் தேய்ச்சு இழுத்தேன். பவுடரு இல்ல, பாலு இல்ல, துண்டு இல்ல, கழுத்து இல்ல. காத்துதான். வரவே இல்லடி, அது வரவே இல்ல, நீயா கூப்பிட்டு நீயா கொஞ்சிக்கிட்டு இருந்திருக்க. அக்கா, நிஜமா உங்களுக்கு ஏதாச்சும் மணந்துச்சாக்கான்னு மெதுவாக் கேக்குறா, கோவமா இல்ல, பயந்து கேக்குறா. பொய் சொல்லத் தெம்பு இல்ல. எட்டு மாசமா எனக்கு எதுவும் மணக்கல ஷெரின்னு சொன்னேன். காய்ச்சல்ல போச்சு, எழுதினது எல்லாம் நினைப்புல இருந்து எழுதினது, இன்னைக்குத்தான் நிஜமா வந்துருச்சுன்னு நினைச்சேன், சத்தியமா வந்துச்சும்மா, என் புள்ள வாசம் வந்துச்சும்மான்னேன். ஐயோ அக்கான்னா. அவ பக்கத்துல யாரோ கீபோர்டு தட்டுற சத்தம் கேக்குது. யாருக்கிட்டயும் சொல்லலையாக்கான்னா. உங்கிட்டதான் முதல்லன்னேன். மூக்கை உறிஞ்சுறா, அழுகுறா போல, நல்ல பொண்ணு. அப்புறம் தொண்டையைச் செருமிட்டு, அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, கீழ கமெண்ட்ல இப்பவே கிழிச்சுத் தொங்க விடுறாங்க, நீங்க இப்ப எங்கிட்ட சொன்னதை அப்படியே எழுதிக் குடுத்தீங்கன்னா, இந்த எட்டு மாசம், பாப்பா வாசம், எல்லாம், ரொம்ப எங்கேஜிங்கா இருக்கும்க்கா, ரெண்டு மணிக்குள்ள போட்டுட்டா எல்லாம் உங்க பக்கம் திரும்பிரும்னு சொல்றா. நான் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன், கை இன்னும் மூக்குலதான் இருக்கு. எத்தனை வார்த்தை வேணும்னு கேட்டேன்.